டப்பாவுக்குள்ள போன இஞ்சி

சத்தியமங்கலம் பஸ் ஸ்டாண்டுல மைசூர் பஸ் புறப்படறதுக்குக் கொஞ்சம் முன்னால ஒருத்தர் ஏறுவார். கையில தட்டு, தட்டுல காகிதம் சுத்தின துண்டு துண்டா இஞ்சி மொரப்பா. "பித்தம், வாந்தி, தலைசுத்தல், வயித்து உப்புசம்... இஞ்சி மொரப்பேய்" என்று ஒரே மூச்சில் சொல்லிக்கிட்டே கடைசி சீட்டு வரைக்கும் போய்த் திரும்புவார். பண்ணாரி தாண்டினா திம்பம் மலைப்பாதை, 27 கொண்டை ஊசி வளைவு. நான் சின்னப் பையனா இருந்தப்போ, ஏழெட்டு வளைவு தாண்டறதுக்குள்ள எங்க அப்பத்தாவுக்குக் குமட்டல் வந்துரும். ஒரு மொரப்பாவை வாயில அடக்கிக்கிட்டு, சீலைத் தலைப்பை மூக்குல வெச்சுக்கிட்டு, கண்ணை மூடி உக்காந்திருப்பா. எனக்கும் ஒரு துண்டு கிடைக்கும். எனக்கு வாந்தியெல்லாம் வராது. அந்தக் காரமும் இனிப்பும் புடிக்கும்ங்கிறதுக்காக வர்ற மாதிரி மூஞ்சியை வெச்சுக்குவேன்.

போன மாசம் சென்னையிலிருந்து அக்கா மகள் போன் பண்ணினா. முழுகாம இருக்கா, ரெண்டாம் மாசம். தண்ணி குடிச்சாக்கூட வெளிய வருதுன்னு அழுகாத குறை. ஒரு டப்பாவைப் படம் புடிச்சு அனுப்பியிருந்தா. வெளிநாட்டுச் சரக்கு. 'ஜிஞ்சர் ரூட்' என்று பெரிய எழுத்துல போட்டு, உள்ள 60 கேப்சூல். விலையைப் பாத்துட்டு கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு இன்னொரு தடவை பாத்தேன்.

"மாமா, இதைச் சாப்பிடலாமா? நீங்க இஞ்சி போடறவங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு கேக்கறேன்."

"படத்தை முதல்ல உங்க டாக்டரம்மாகிட்ட காட்டு கண்ணு. நான் ரெண்டு நாள்ல சொல்றேன்"னு வெச்சுட்டேன். ரெண்டு நாள் மூணு வாரமா ஆயிருச்சு. பள்ளிக்கூடத்து இங்கிலீஷை வெச்சுக்கிட்டு, புரியாத இடத்துல மகனைக் கேட்டு, ராத்திரி ராத்திரியா படிச்சேன். படிச்சதுல பாதி சந்தோசமா இருந்துச்சு. மீதி தூக்கத்தைக் கெடுத்துச்சு.

முதல்ல, விவசாயியா எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லிடறேன். இஞ்சிக்கு விதை கிடையாது. எப்பவாவது பூக்கும், ஆனா விதை புடிக்காது. நாங்க 'விதை இஞ்சி'ன்னு சொல்றது கிழங்கைத்தான். 20, 25 கிராம் துண்டு, அதுல ஒரு முளையாச்சும் இருக்கணும். சித்திரை, வைகாசி மழைக்கு நட்டு மேல தழை போட்டு மூடினா மார்கழி, தையில தோண்டலாம். நட்ட துண்டையே மூணு மாசம் கழிச்சுப் பக்குவமா மண்ணை விலக்கி எடுத்து வித்துக்கறவங்களும் உண்டு. செடி அது பாட்டுக்கு வளரும்.

காட்டுல தானா மொளைச்சுக் கிடக்கற இஞ்சின்னு உலகத்துல எங்கயும் பாத்ததில்லைன்னு தாவரவியல்காரங்க சொல்றாங்க. மனுசன் வளத்தாத்தான் உண்டு. வேப்பங்கொட்டை மாதிரி காக்கா கொண்டுபோய்ப் போட முடியாது, எருக்கம் பஞ்சு மாதிரி காத்துல பறக்காது. அப்படீன்னா இன்னிக்கு உலகத்துல இருக்கற ஒவ்வொரு இஞ்சித் துண்டும், யாரோ ஒருத்தர் கையில இருந்து இன்னொருத்தர் கைக்கு மாறி மாறி வந்ததுதான். இதை 25 வருசமா நட்டுக்கிட்டு இருக்கேன், இப்பத்தான் இந்தக் கோணத்துல யோசிச்சேன்.

அந்தக் கை எவ்வளவு பழசுன்னு கொஞ்சம் தெரியுது. அரியானாவுல பர்மானான்னு ஒரு இடம், ஹரப்பா காலத்து ஊர். அங்க தோண்டி எடுத்த சமையல் பானையிலயும் மனுசப் பல்லுலயும் ஒட்டியிருந்த மாவுச்சத்துத் துணுக்குகளை பூதக்கண்ணாடியில ஆராய்ஞ்சு 2010ல் எழுதினாங்க. இஞ்சியும் மஞ்சளும் இருந்திருக்கு. 4,000 வருசத்துக்கும் மேல. நம்ம பக்கம் மதுரைக்காஞ்சியும் இஞ்சியையும் மஞ்சளையும் சேத்தே சொல்லுது. எங்க தோட்டத்துலயும் அதுக ரெண்டும் பக்கத்துப் பக்கத்துப் பாத்தி. (பழந்தமிழ்ல 'இஞ்சி'ன்னா கோட்டை மதிலுக்கும் பேரு. அதைத் தெரியாம ஒரு பழைய பாட்டைப் படிச்சுட்டு, கோட்டையைச் சுத்தி இஞ்சி நட்டிருக்காங்கன்னு நான் நெனைச்ச கூத்தும் உண்டு.)

சுக்கு, மிளகு, திப்பிலி மூணும் சேந்தது திரிகடுகம். உடம்புக்கு அது மருந்துன்னா மனசுக்கு இதுன்னு, நல்லாதனார் தன்னோட நூலுக்கே அந்தப் பேரை வெச்சார். பதினெண்கீழ்க்கணக்குல ஒண்ணு. ஒரு கசாயத்தோட பேரை நீதி நூலுக்கு வெச்சா ஜனங்களுக்கு உடனே புரியும்னு அவர் நம்பியிருக்கார் பாருங்க.

கடல் தாண்டிப் போன கதை இன்னும் சுவாரசியம். ரோமாபுரியில கி.பி. முதல் நூற்றாண்டுல பிளினின்னு ஒருத்தர் விலைப்பட்டியலே எழுதி வெச்சிருக்கார். இஞ்சி ஒரு ராத்தல் 6 தினாரியம், கருமிளகு 4. மிளகை விட இஞ்சி விலை ஜாஸ்தி! ஆனா அது அரேபியாவுல விளையறதா நெனைச்சுக்கிட்டார். அரபுக்காரங்க கையில இருந்து வாங்கினவங்களுக்கு அதுக்கு அந்தாண்ட இருக்கற மலைத்தோட்டமா தெரியும்? விளைய வெச்சவன் பேரு விலைச்சீட்டுல வராதது அன்னைக்கே ஆரம்பிச்சாச்சு.

அதே காலத்து கிரேக்க மருத்துவர் டயாஸ்கொரிடிஸ். இஞ்சி சூடு தரும், செரிமானம் பண்ணும், வயித்துக்கு நல்லதுன்னு எழுதினார். வாங்கறப்போ பூச்சி துளைக்காததாப் பாத்து வாங்குன்னும் சொல்றார். மண்டியில சுக்கு மூட்டையைப் பிரிச்சதும் எங்க வியாபாரி முதல்ல பாக்கறதும் அந்தத் துளையைத்தான். இஞ்சி சீக்கிரம் அழுகிரும்ங்கிறதால விளையற இடத்துலயே ஊறப்போட்டு, மண் ஜாடியில அடைச்சு இத்தாலிக்கு அனுப்பறாங்கன்னு ஒரு வரி எழுதியிருக்கார். அதைப் படிச்சதும் எனக்கு பஸ் ஸ்டாண்டு மொரப்பாக்காரர் ஞாபகம்தான் வந்துச்சு. மொரப்பாங்கிறது அரபுச் சொல்லு, 'முரப்பா', பாகுல ஊறப்போட்டது. சரக்கு இங்கிருந்து போச்சு, பேரு அங்கிருந்து வந்துச்சு.

இஞ்சிங்கிற பேரும் அப்படித்தான் ஊர் சுத்திச்சு. இஞ்சி, வேர், ரெண்டும் சேந்த பழைய திராவிடச் சொல்லு பாலி மொழியில 'சிங்கிவேர' ஆகி, கிரேக்கத்துல 'சிங்கிபெரிஸ்' ஆகி, லத்தீன் வழியா இங்கிலீஷ்ல ஜிஞ்சர் ஆச்சுன்னு மொழி ஆராய்ச்சிக்காரங்க பலபேர் சொல்றாங்க. ஆக அந்த டப்பா மேல போட்டிருக்கற 'ஜிஞ்சர் ரூட்'டைத் திருப்பித் தமிழ்ல சொன்னா 'இஞ்சிவேர் வேர்'. இத்தனைக்கும் அது வேரும் இல்லீங்க, கிழங்கு.

சீனத்துல கன்பூசியஸ் சாப்பாட்டுல இஞ்சி இல்லாம இருக்கமாட்டாராம். குர்ஆன்ல சொர்க்கத்துப் பானத்துல இஞ்சி கலந்திருக்கும்னு வருது. இதெல்லாம் போகட்டும். எனக்கு ரொம்பப் புடிச்சது இபின் பதூதா சொன்னதுதான். 14ஆம் நூற்றாண்டுல கோழிக்கோட்டுல நின்ன சீனக் கப்பல்களைப் பாத்துட்டு எழுதறார்: கப்பலாளுங்க பெண்டு பிள்ளைகளோட அதுலயே குடியிருக்காங்க, மரத்தொட்டிகள்ல கீரை, காய்கறி, இஞ்சி வளக்கறாங்க. கப்பல்ல இடம் எவ்வளவு நெருக்கடின்னு நமக்குத் தெரியும். அதுல ஒரு தொட்டி மண்ணை இஞ்சிக்குன்னு ஒதுக்கறான்னா சும்மாவா ஒதுக்குவான்?

அதுக்கு 600 வருசம் கழிச்சு, 1988ல் டென்மார்க் நாட்டுல கடற்படைக்குப் புதுசா சேந்த 80 பசங்களை வெச்சு ஒரு சோதனை. கடல் கொந்தளிப்பா இருந்தப்போ பாதிப் பேருக்கு 1 கிராம் இஞ்சித் தூள், மீதிப் பேருக்கு ஒண்ணுமில்லாத வெறும் மாத்திரை. இஞ்சி சாப்பிட்டவங்களுக்கு வாந்தியும் குளிர் வேர்வையும் குறைச்சலா இருந்துச்சு. 1982ல் அமெரிக்காவுல 36 கல்லூரிப் பசங்களைக் கண்ணைக் கட்டி சுழல் நாற்காலியில சுத்திப் பாத்திருக்காங்க. பயண வாந்திக்குக் கடையில விக்கிற மாத்திரையை விட இஞ்சித் தூள் சாப்பிட்டவங்க அதிக நேரம் தாக்குப் புடிச்சாங்க. எல்லாம் இஞ்சிக்குச் சாதகமாவே வந்துச்சுன்னு நெனைக்காதீங்க. 1991ல் அதே மாதிரி நாற்காலிச் சோதனை ஒண்ணுல ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு முடிவு வந்திருக்கு. எங்க அப்பத்தாவுக்கும் சில நாள் மொரப்பா கேக்காது. 'அப்பாடா'ன்னு ஜன்னலைத் திறந்துருவா.

அக்கா மகள் கேட்ட விசயத்துக்கு நேரடியா வர்ற சோதனை தாய்லாந்துல சியாங் மாயில நடந்தது, 2001ல் வெளியாச்சு. மசக்கை வாந்தியில கஷ்டப்பட்ட 70 கர்ப்பிணிகள். பாதிப் பேருக்கு ஒரு நாளைக்கு மொத்தம் 1 கிராம் இஞ்சித் தூள், நாலு வேளையாப் பிரிச்சு, 4 நாள். கடைசியில கணக்குப் பாத்தா இஞ்சி சாப்பிட்ட 32 பேர்ல 28 பேருக்குத் தேவலை. வெறும் மாத்திரை சாப்பிட்ட 35 பேர்ல 10 பேருக்குத்தான். கவனிங்க, 1 கிராம். ஒரு கை நிறைய இல்லை. 'சுக்கை மாசமா இருக்கறவளுக்கு அளவாக் குடு, சூடு'ன்னு அப்பத்தா மிரட்டினதும் அந்த அளவைத்தான்.

இங்க இன்னொண்ணு. இங்கிலீஷ்காரனுக்குப் பச்சை இஞ்சியும் ஜிஞ்சர், காஞ்சதும் ஜிஞ்சர். நமக்கு இஞ்சி வேற, சுக்கு வேற. பேரு மட்டுமில்லை, சரக்கே வேறன்னு ரசாயனம் சொல்லுது. பச்சை இஞ்சியோட காரம் ஜிஞ்சரால். காயக் காய அது தண்ணிச் சத்தை விட்டு ஷோகால்னு வேற பொருளா மாறுது, காரமும் கூடுது. அதைப் பிரிச்செடுத்தவர் நொமுராங்கிற ஜப்பான்காரர். அவங்க ஊர்ல இஞ்சிக்கு ஷோகான்னு பேரு, அதையே வெச்சுட்டார். அஞ்சு கிலோ இஞ்சியைத் தோல் சீவிக் காயப்போட்டா ஒரு கிலோ சுக்கு கிடைச்சாப் பெரிசு. சீவறதுக்கு மூங்கில் சிம்புதான் நல்லது, இரும்புக் கத்தி பட்டா கறுத்துரும். 'சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு'ன்னு பெரியவங்க சொன்னது இந்தத் தோலைத்தான்.

இது வரைக்கும் படிச்சு முடிச்சப்போ, "தாராளமாச் சாப்பிடு கண்ணு"ன்னு சொல்ற முடிவுலதான் இருந்தேன். அடுத்த நாள் ராத்திரி ஜமைக்காவுக்குப் போயிட்டேன்.

ஸ்பெயின்காரங்க 16ஆம் நூற்றாண்டுல இஞ்சியைக் கொண்டுபோய் கரீபியன் தீவுகள்ல நட்டாங்க. ஜமைக்கா இஞ்சிக்கு உலகத்துல நல்ல பேரு. அந்த இஞ்சியைச் சாராயத்துல ஊறப்போட்டு எடுத்த சாறு 19ஆம் நூற்றாண்டிலிருந்து அமெரிக்கா பூரா மருந்துக் கடையில வித்துச்சு. சின்னச் சீசா, 2 அவுன்ஸ். வயித்து வலி, அஜீரணம், உப்புசம் எல்லாத்துக்கும். நம்ம வீட்டு அலமாரியில ஓமத் தண்ணி இருக்குமே, அந்த மாதிரி. செல்லப் பேரு 'ஜேக்'.

1920ல் அமெரிக்காவுல மதுவிலக்கு வந்துச்சு. இந்தச் சாறுல 70, 80 சதவீதம் சாராயம். குடிக்க வழியில்லாத ஏழைகள் ஜேக்கை வாங்கி சோடாவுல கலந்து குடிக்க ஆரம்பிச்சாங்க. பணக்காரனுக்குக் கள்ளச் சந்தையில நல்ல விஸ்கி கிடைச்சுது, இல்லாதவனுக்கு இந்த இஞ்சிச் சீசா. அரசாங்கம் ஒரு நிபந்தனை போட்டுச்சு. மருந்துன்னா மருந்தா இருக்கட்டும், வாயில வைக்க முடியாத அளவுக்கு அதுல இஞ்சிச் சத்து இருக்கணும். எப்படிச் சோதிப்பாங்க? சீசாவுல இருக்கறதைக் காய்ச்சி ஆவியாக்கி, அடியில தங்கின கசடை எடை போடுவாங்க. எடை சரியா இருந்தா சரக்கு சரி.

எங்க எடையை வெச்சு நம்பறாங்களோ அங்க எடைக்கு ஏதாவது சேப்பாங்க. வெல்லத்துல மாவு கலக்கறது எந்தக் கணக்கோ அதே கணக்குதான். காரமான இஞ்சிச் சத்தைக் குறைச்சுட்டு வெல்லப்பாகு, விளக்கெண்ணெய் ஊத்தினாங்க. குடிக்கவும் சுலபம், எடையும் நிக்கும். அப்புறம் விளக்கெண்ணெய் விலை ஏறிப்போச்சு. பாஸ்டன்ல ரெண்டு பேர், மச்சான் முறை, மலிவா வேற என்ன ஊத்தலாம்னு தேடினாங்க. டை-எத்திலீன் கிளைகால்னு ஒண்ணைப் பாத்துட்டு, ஆவியாயிடுதுன்னு விட்டுட்டாங்க. (இந்தப் பேரை எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? இருமல் மருந்துல கலந்து குழந்தைகள் செத்துப்போன செய்திகள்ல வந்ததே, அதேதான்.) கடைசியா வார்னிசு, பிளாஸ்டிக் தொழிலுக்குப் போற ஒரு எண்ணெய் கிடைச்சுது. ட்ரை-ஆர்த்தோ-கிரெசில் பாஸ்பேட். நிறமில்லை, வாசமில்லை, ருசியில்லை, ஆவியாகாது. வித்தவங்க விசமில்லைன்னு சொன்னாங்களாம், வாங்கினவங்க அதோட விட்டுட்டாங்க.

1930 தொடக்கத்துல ஓக்லஹோமா நகரத்துல ஒரு ஆஸ்பத்திரிக்கு ஒருத்தர் வந்தார். கால் ரெண்டும் விழுந்துபோச்சு. காய்ச்சல் இல்லை, அடிபடலை. அதே மாதிரி அடுத்தவர், அதுக்கும் அடுத்தவர். தெற்கு மாநிலங்கள் பூரா இதே சேதி. குடிச்சு ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சுக் கெண்டைக்கால் வலிக்கும், மரத்துப்போகும், அப்புறம் பாதம் தொங்கிப்போகும். நடக்கணும்னா முழங்காலை உயரத் தூக்கி வீசணும், விரல் பக்கம் முதல்ல தரையில அடிக்கும், அப்புறம் குதிகால். தெருவுல சத்தத்தை வெச்சே ஆளைச் சொல்லிடலாமாம். அதுக்கு 'ஜேக் நடை'ன்னு பேரே வந்துருச்சு. அந்த வருசமே அதைப் பத்திப் பாட்டுக்காரங்க இசைத்தட்டு போட்டாங்க, கறுப்பரும் பாடினாங்க, வெள்ளையரும் பாடினாங்க. டாக்டர்கள் கட்டுரை எழுதற வேகத்துக்கு அவங்க பாட்டு எழுதியிருக்காங்க.

பாதிக்கப்பட்டவங்க 30,000 பேர்லேருந்து 50,000 வரைன்னு மதிப்பு. சில பேருக்குக் கொஞ்சம் தேவலையாச்சு, நிறையப் பேருக்குக் கடைசி வரைக்கும் கால் திரும்பலை. சங்கம் வெச்சு நிவாரணம் கேட்டாங்க, கிடைக்கலை. குடிகாரன் வியாதிதானேன்னு ஊரே மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. அதுல வயித்து வலிக்குன்னு நெசமாவே வாங்கிக் குடிச்சவங்களும் இருந்திருப்பாங்க, யாரு பிரிச்சுப் பாத்தா? அந்த ரெண்டு பேருக்கும் 2 வருச சிறைன்னு தீர்ப்பாச்சு, அதையும் நிறுத்தி வெச்சுட்டாங்க. ஒருத்தர் மட்டும் பின்னால நிபந்தனையை மீறினதுக்காக உள்ள போனார்.

இஞ்சி மேல ஒரு குத்தமும் இல்லை. சீசாவுக்குள்ள என்ன இருக்குன்னு கண்ணால பாக்க முடியாமப் போச்சு, அவ்வளவுதான். கிழங்கா இருந்தா கிள்ளிப் பாக்கலாம், மோந்து பாக்கலாம், அழுகல், நார், பூச்சித் துளை தெரியும். சுக்கா இருந்தா உடைச்சுப் பாக்கலாம். சாறாவும் தூளாவும் ஆனப்புறம் போட்டவன் சொல்றதுதான்.

சரி, அது 1930, இப்ப அப்படியான்னு கேப்பீங்க. இப்ப அப்படி விசம் கலக்கறாங்கன்னு நான் சொல்ல வரலை. 1994ல் அமெரிக்காவுல ஒரு சட்டம் வந்துச்சு. இந்த மாதிரி சத்து மாத்திரைகளை விக்கறதுக்கு முன்னால, இது பலன் தரும், இது பத்திரம்னு அரசாங்கத்துகிட்ட நிரூபிச்சு ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை. வித்த பிறகு பிரச்சனை வந்தாப் பாத்துக்கலாம். 2006ல் ஒரு ஆய்வு வெளியாச்சு. கடையில விக்கிற 10 இஞ்சி மாத்திரைச் சரக்கை வாங்கி உள்ள ஜிஞ்சரால் எவ்வளவுன்னு அளந்திருக்காங்க. முக்கியமான 6-ஜிஞ்சரால் ஒண்ணுல கிராமுக்கு 9.43 மில்லிகிராம். இன்னொண்ணுல பூஜ்யம். அந்தப் பூஜ்யத்துலயும் மேல ஜிஞ்சர்னுதான் போட்டிருக்கும், சாப்பிட்ட அம்மாவும் 'எனக்கு இஞ்சி ஒத்துவரலை'ன்னுதான் நெனைச்சிருப்பா.

இதை வெச்சு அக்கா மகளுக்குப் பதில் சொல்லிடலாம்னு போனைக் கையில எடுத்தேன். அந்த எண்ணெயோட பேரு கண்ணுல உறுத்துச்சு. பாஸ்பேட். மகனைக் கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் படிச்சுட்டு, "அப்பா, இது நம்ம மருந்துக் குடும்பம்தான்"னான். ஆர்கனோ பாஸ்பேட். குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ், பாஸ்னு முடியற அத்தனையும் அந்த வம்சம். எல்லாம் ஒரே மாதிரி வேலை செய்யாது, ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் நிறைய. ஆனா நரம்பைத் தொடற குடும்பம்.

எங்க விதை இஞ்சியை எடுத்து வைக்கறப்போ மாங்கோசெப்பும் குயினால்பாசும் கலந்த தண்ணியில அரை மணி நேரம் முக்கி, நிழல்ல உலத்தி வைக்கறோம். அது நாங்களாக் கண்டுபுடிச்சதில்லை, படிச்சவங்க சொன்ன முறை, நடறதுக்குத்தான், திங்கறதுக்கு இல்லை. அதை ஒரு பெரிய குத்தமா நான் நெனைக்கலை. அதுக்கு அப்புறம் நடக்கறதுதான் சங்கடம். ஆவணி, புரட்டாசியில மழை விடாமப் பேஞ்சா கிழங்கழுகல் வரும். ஒரு செடி மஞ்சளடிச்சா நாலு நாள்ல பாத்தியே போயிரும். போட்ட முதல் கண்ணு முன்னால அழுகறப்போ கடைக்காரர் குடுக்கற மருந்தை வேர் நனைய ஊத்துவோம். குருத்துப்பூச்சிக்குத் தெளிப்போம். வெட்டறதுக்கு எத்தனை நாள் முன்னால நிறுத்தணும்னு டப்பாவுல போட்டிருக்கும், அந்த எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். விலை திடீர்னு ஏறினா அந்த நாளை யாரு எண்றாங்க? நானும் ஒரு வருசம் எண்ணலை. வித்துட்டேன். எந்த ஊருக்குப் போச்சோ.

எங்க தோட்டத்துல கிணத்துமேட்டு ஓரமா ரெண்டு பாத்தி தனி. அதுல எருவும் வேப்பம் புண்ணாக்கும் மட்டும்தான். அழுகினா அழுகட்டும். அது வீட்டுக்கு. இது எங்க வீட்டு வழக்கம் மட்டும்னு சொன்னா பொய், நான் பாத்த பல தோட்டத்துல இப்படி ஒரு ஓரம் இருக்கு. பாஸ்டன்காரங்க ரெண்டு பேரும் அவங்க சரக்கை அவங்க வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பாங்களான்னு யோசிச்சேன். உடனே கிணத்துமேடு ஞாபகம் வந்துச்சு. அன்னைக்குத்தான் தூக்கம் போச்சு.

மறுநாள் அவளுக்குப் போன் பண்ணினேன். ஜேக் கதையைச் சொல்லலை, மாசமா இருக்கற புள்ளையைப் பயமுறுத்தவா? டாக்டரம்மா என்ன சொன்னாங்கன்னு கேட்டேன். இஞ்சி கொஞ்சமா எடுத்துக்கலாம், ஆனா என்ன இருக்குன்னு தெரியாத மாத்திரை வேண்டாம், ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்பிடறவங்க கேக்காமத் தொடவே கூடாதுன்னு சொன்னாங்களாம். நான் மூணு வாரம் படிச்சதை அந்தம்மா மூணு வரியில முடிச்சுட்டாங்க.

"அப்ப உங்க தோட்டத்து இஞ்சி அனுப்புங்க மாமா. உங்களுது மருந்தடிக்காததுதானே?"

"உனக்கு அனுப்பறது அடிக்காதது கண்ணு"ன்னேன். அவ சிரிச்சா. அந்த வார்த்தையை அவ கவனிச்ச மாதிரி தெரியலை.

கிணத்துமேட்டுப் பாத்தியில தோண்டினதுல ரெண்டு கிலோ பச்சை இஞ்சி, கால் கிலோ சுக்கு, சாக்குப்பையில போட்டு ஈரோட்டுல பார்சல் போட்டேன். வர்ற சித்திரைக்கு தனிப்பாத்தியை ரெண்டுல இருந்து ஆறா ஆக்கலாம்னு வீட்டுல பேசிட்டு இருக்கோம். போன வருச மழையில அந்த ரெண்டுல ஒண்ணு அழுகி நின்னதையும் வீட்டுக்காரி மறக்காம ஞாபகப்படுத்தறா. விதைக்கிழங்கு விலையும் கணக்கெடுத்துட்டேன், ஆறு தாங்காது, நாலு தாங்கும் போல இருக்கு.

சுக்கு தீரப் போகுதுன்னு நேத்து சேதி வந்திருக்கு. அடுத்த சீவல் களத்துல காயுது. ரெண்டு நாளா மேகம் கட்டிக்கிட்டு வெயில் சரியா விழலை.